தணிகாசலம் பெஞ்சு

கொஞ்சம் நடுவுக்குத் தள்ளி உக்காருங்க தம்பி. அந்த ஓரத்துல உக்காந்தா ஆடும். ஹெல்மெட்டைக் கீழே வச்சுடுங்க, யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. போலீஸ் ஸ்டேஷன்தானே.

வண்டி திருடு போயிடுச்சா? எப்படித் தெரியும்னா, நீங்க ஆட்டோவுல வந்து இறங்கினதைப் பார்த்தேன். வண்டி இருக்கறவன் ஹெல்மெட்டைத் தூக்கிக்கிட்டு ஆட்டோவுல வரமாட்டான். பழக்கம்தான். முப்பத்தஞ்சு வருஷம் இந்த வேலைதான் பார்த்தேன்.

எதிர்ல சுவத்துல அந்த போர்டைப் பாருங்க. 'இந்நிலையத்தில் பணியாற்றிய ஆய்வாளர்கள்'. மேலேருந்து பதினாலாவது பேரு. பெ. தணிகாசலம். நான்தான். அந்தக் கண்ணாடி போட்ட ரைட்டர் பொண்ணு காலையில வந்ததும் என்னைப் பார்த்து, பெரியவரே, உங்க பேரு என்னன்னு கேட்டுச்சு. நான் வாயால சொல்லல, போர்டைக் காட்டினேன். அது போர்டைப் பார்த்துச்சு, என்னைப் பார்த்துச்சு, சரி, பெஞ்சுல உக்காருங்கன்னுடுச்சு. தப்பு சொல்ல மாட்டேன். வர்றவங்களை முதல்ல உக்கார வைக்கணும்கறது நான் போட்ட ஆர்டர்தான்.

எஸ்.ஐ.யா சேர்ந்தவன் டெபுடி கமிஷனரா ரிட்டயர் ஆகறதுன்னா சும்மா இல்ல தம்பி. என் கூட சேர்ந்தவங்கள்ல முக்காவாசிப் பேர் இன்ஸ்பெக்டராவே வீட்டுக்குப் போயிட்டான். எனக்குத் தோள்ல முதல்ல ரெண்டு ஸ்டார், கீழே ஒரு ரிப்பன். அப்புறம் மூணு ஸ்டார். அப்புறம் அதே மூணு ஸ்டார், ஆனா ரிப்பன் இருக்காது, அதுதான் உதவி கமிஷனர். அப்புறம் ஸ்டார் போயி சிங்க முத்திரை. அப்புறம் சிங்கமும் ஒரு ஸ்டாரும். எல்லாம் சேர்த்துப் பார்த்தா ஒரு தீப்பெட்டிக்குள்ள அடங்கிடும். அதுக்குத்தான் முப்பத்தஞ்சு வருஷம்.

எப்படி இவ்வளவு தூரம் போனீங்கன்னு நிறைய பேர் கேப்பாங்க. நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். எப்படியும் உங்களை இப்போதைக்குக் கூப்பிட மாட்டாங்க.

நான் இன்ஸ்பெக்டரா முதல்ல போன ஸ்டேஷன் இது இல்ல, வேற. அங்கே போன புதுசுல எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒருத்தன் வந்து திருட்டுன்னா திருட்டுன்னு எழுதுவேன். சைக்கிள் போச்சுன்னா எஃப்.ஐ.ஆர்., குடம் போச்சுன்னாலும் எஃப்.ஐ.ஆர். முதல் மாசம் முப்பத்தோரு கேஸ். அதுல பதினெட்டு பிடிச்சேன். சந்தோஷமா க்ரைம் மீட்டிங் போனேன். கமிஷனர் ஆபீஸ்ல ஒவ்வொரு இன்ஸ்பெக்டரா எழுந்து நிக்கணும். அவர் நம்பரைப் படிப்பார். எனக்கு முன்னாடி நின்னவன் நாலு கேஸ். 'குட், உக்காரு.' என் முறை வந்துச்சு. முப்பத்தொண்ணு. அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பார்த்தார். 'ஏன்யா, அந்த ஏரியாவுல மனுஷங்க இருக்காங்களா, திருடங்க மட்டும்தான் இருக்காங்களா?' எல்லாரும் சிரிச்சாங்க. பதினெட்டு பிடிச்சிருக்கேன் ஐயான்னேன். 'முப்பத்தொண்ணு நடக்கற வரைக்கும் நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?' என்னை உக்காரச் சொல்லல. மூணு மணி நேரம் மீட்டிங், மூணு மணி நேரமும் நின்னேன். அடுத்த வாரம் கண்ட்ரோல் ரூமுக்கு மாத்திட்டாங்க. அங்கே ரெண்டு வருஷம் போன் எடுத்தேன்.

அந்த நாலு கேஸ்காரன் இருக்கானே, அவன் ஏரியா என் ஏரியாவுக்கு அடுத்த தெரு. நடுவுல ஒரு சாக்கடைதான். சாக்கடைக்கு அந்தப் பக்கம் திருடனே போக மாட்டானா? யோசிச்சேன். கண்ட்ரோல் ரூம்ல யோசிக்க நேரம் நிறைய இருக்கும்.

அப்புறம்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். வந்த முதல் வாரம் ஒரு ஆசாரியைக் கூப்பிட்டேன். இந்த பெஞ்சு, நல்ல தேக்கு. இதோட ஒரு காலை ஒரு நூல் இழைச்சு எடுக்கச் சொன்னேன். ஆசாரி கணக்குல எட்டு நூல் ஒரு அங்குலம். அதுல ஒரே ஒரு நூல். ஆசாரி திரும்பத் திரும்பக் கேட்டார், ஐயா, குறைக்கணுமா, சரி பண்ணணுமான்னு. குறைக்கணும்னேன். ஆடுற பெஞ்சுல மனுஷன் எவ்வளவு நேரம் உக்காருவான்? விழவும் மாட்டான், நிம்மதியாவும் இருக்க மாட்டான். புகார் சொல்லணும்னு வந்தவன் பெஞ்சைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சுடுவான். இதுக்கு மேலே சுவத்துல மாட்டியிருந்த ஃபேனை ரைட்டர் தலைக்கு மேலே மாத்தினேன். அரை மணி நேரத்துல பாதிப் பேர் எழுந்து போயிடுவாங்க. நான் யாரையும் போன்னு சொன்னதே இல்ல. என் சர்வீஸ்ல ஒரு புகார்தாரரை அதட்டினதா ஒரு மெமோ கிடையாது, நீங்க ரெக்கார்டு எடுத்துப் பார்க்கலாம்.

மீதிப் பாதிக்கு ஃபார்மட். அஞ்சு வரி. 'மேற்படி பொருள் வழியில் எங்கோ தவறி விழுந்துவிட்டது. யார் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை. கிடைத்தால் பெற்றுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.' மேலே பேரு, கீழே கையெழுத்து. திருடு போனா க்ரைம். தவறி விழுந்தா க்ரைம் இல்ல, கவனக்குறைவு. கவனக்குறைவுக்கு க்ரைம் மீட்டிங்ல யாரும் எழுந்து நிக்க வேண்டாம். பொருள் போனது போனதுதான், அதுல ஒரு மாத்தமும் இல்ல. மனசு மட்டும் ஆறிடும். எந்தத் திருடன்னு யோசிச்சுத் தூக்கம் கெடாது பாருங்க.

அந்த வருஷம் இந்த ஸ்டேஷன்ல செயின் பறிப்பு ஒண்ணுகூட இல்ல. சுழற்கேடயம் குடுத்தாங்க. கமிஷனர் மைக்ல என் பேரைச் சொன்னார். அதுலேருந்து ஏறுமுகம்தான். எந்த ஸ்டேஷன் போனாலும் முதல்ல ஆசாரியைத் தேடுவேன். அப்புறம் நான் போகாத ஸ்டேஷன்லயும் கேக்க ஆரம்பிச்சாங்க. 'தணிகாசலம் பெஞ்சு ஒண்ணு போடுய்யா'ன்னு சொல்வாங்க. கமிஷனர் பேரு கல்வெட்டுல இருக்கும், யாரும் படிக்க மாட்டான். என் பேருல தினமும் நூறு பேர் உக்கார்றாங்க.

உங்க வண்டிக்கு நான் ஒரு யோசனை சொல்லட்டுமா? திருட்டுன்னு போனா அலைச்சல். 'நிறுத்திய இடம் நினைவில்லை'ன்னு எழுதிக் குடுங்க. சிரிக்காதீங்க தம்பி. இதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போன ஒரு காலேஜ் புரொபசர் அப்புறம் என்கிட்டயே வந்து, ஒருவேளை எனக்கே மறந்திருக்குமோன்னு கேட்டார். ஃபார்மட்டோட பலம் அது.

ஒரே ஒரு அம்மாதான் கொஞ்சம் கஷ்டம் குடுத்தாங்க. சத்துணவுக் கூடத்துல சமைக்கற அம்மா. பேரு ஞாபகம் இல்ல. பஸ்ஸை விட்டு இறங்கும்போது எவனோ கம்மலைப் பிடிச்சு இழுத்துட்டான். காதுமடல் கிழிஞ்சு ரெண்டாப் போச்சு. ஒரு துணியை வச்சு அழுத்திக்கிட்டே வந்தாங்க. இந்த இடத்துலதான் உக்காந்தாங்க, நீங்க இருக்கற இடம். சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுப் போனாங்க. மறுநாள் காலையில திரும்ப வந்தாங்க. எனக்கே ஆச்சரியம். நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். அம்மா, கம்மல் கழண்டு விழுந்திருக்கும், ஓட்டை பழசு, வயசானா தானா கிழியும்னேன். அந்தம்மா என்னையே பார்த்துட்டு, 'தானா கிழிஞ்சா ரத்தம் இவ்வளவு வருமா சார்?'னு கேட்டாங்க. அப்புறமும் உக்காந்தே இருந்தாங்க.

மூணாவது நாள் மத்தியானம் என் சம்சாரம் வந்தா. மங்கையர்க்கரசின்னு பேரு, அரசின்னுதான் கூப்பிடுவேன். அன்னிக்கு நான் சாப்பாட்டை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன், அதைக் கொண்டு வந்தா. வந்தவ நேரா என் ரூமுக்கு வரல. இந்த பெஞ்சுல அந்தம்மா பக்கத்துல உக்காந்து என்னமோ பேசிக்கிட்டு இருந்தா. பெஞ்சு ஆடுது, ரெண்டு பேரும் ஆடிக்கிட்டே பேசறாங்க. கண்ணாடி வழியாப் பார்த்தேன். அப்புறம் டிபன் கேரியரைத் திறந்து என் சாப்பாட்டை அந்தம்மாவுக்குப் போட்டுட்டா. காலி கேரியரை என் டேபிள்ல வச்சுட்டுப் போயிட்டா.

அன்னிக்கு சாயங்காலம் அந்தம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க. அடுத்த நாள் வேலைக்கு வரலைன்னா ஆளை மாத்திடுவோம்னு சொல்லிட்டாங்களாம். சாப்பாடு போட்டதும் ஒரு காரணமா இருக்கலாம், வயிறு நிறைஞ்சா மனசு இளகும். அரசி அவளுக்கே தெரியாம எனக்கு உதவி பண்ணிட்டான்னு அப்ப நினைச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் அரசி என் வேலையைப் பத்தி ஒரு கேள்வி கேட்டதில்ல. எத்தனையோ ஆபீசர் வீட்டுல சம்சாரம் தொணதொணன்னு கேக்கும். இவ கேக்கவே மாட்டா. அந்த விஷயத்துல நான் குடுத்து வச்சவன். ஒரே ஒரு குறை, எனக்கு ப்ரமோஷன் வந்தா இவளுக்குத் தலைவலி வந்துடும். கேடயம் வாங்கின அன்னிக்குத் தலைவலி. உதவி கமிஷனர் ஆன அன்னிக்குத் தலைவலி. சிங்கம் வச்ச அன்னிக்கு நடக்கவே முடியலன்னுட்டா. மத்தவங்க சம்சாரம்லாம் பட்டுப்புடவையில வந்திருப்பாங்க, எனக்குப் பக்கத்து நாற்காலி காலியா இருக்கும். ஸ்பெஷலிஸ்ட்டுகிட்டக்கூடக் காட்டினேன். எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டு, ஒண்ணும் இல்லைன்னுட்டார். ரிட்டயர் ஆனதுலேருந்து தலைவலியே வரல. பாருங்க, உடம்புன்னா ஒரு விசித்திரம்தான்.

நான் எதுக்கு வந்திருக்கேன்னு கேக்கறீங்க. சொல்றேன்.

போன திங்கக்கிழமை காலையில அரசி பால் வாங்கப் போனா. எங்க தெருமுனைதான், இங்கேருந்து நாலு தெரு. பைக்ல ரெண்டு பேர் வந்து, பின்னாடி இருந்தவன் தாலிச்செயினைப் பிடிச்சிருக்கான். விட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. இவ விடல. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா. பைக் இவளை எலக்ட்ரிக் கம்பம் வரைக்கும் இழுத்துட்டுப் போயிருக்கு. கழுத்துல ஏழு தையல். முட்டியில தோலே இல்ல. பால் பாக்கெட்டோட யாரோ தூக்கிட்டு வந்தாங்க.

நான் எத்தனை தையல் பார்த்திருப்பேன் தம்பி. போஸ்ட்மார்ட்டத்துல நின்னுக்கிட்டே டீ குடிச்சவன். அவ கழுத்துல அந்தக் கட்டைப் பிரிச்சு டாக்டர் காட்டினப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு. வெளியில போயி நின்னு அழுதேன். ஒரு நர்ஸு வந்து தண்ணி குடுத்துச்சு.

ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் அவ கேட்டது ஒண்ணுதான். 'எழுதியாச்சா?' எழுதிடலாம்னேன். 'அந்தப் பையன் மூஞ்சியை நான் பார்த்திருக்கேன். இடது புருவத்துல வெட்டு இருக்கு. எங்கே பார்த்தாலும் சொல்வேன். எழுதச் சொல்லுங்க'ன்னா. தினமும் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இருபத்தஞ்சு வருஷமா ஒண்ணுமே கேக்காதவ. அதான் இன்னிக்குக் கிளம்பி வந்தேன்.

இப்ப இங்கே இன்ஸ்பெக்டர் தமிழ்மாறன். தங்கமான பையன். என்கிட்டதான் ட்ரெயினிங் எஸ்.ஐ.யா இருந்தான். இந்த பெஞ்சைத் தொட்டுக் காட்டித்தான் அவனுக்குப் பாடம் எடுத்தேன். ஒரு மணி நேரம் கழிச்சு வந்தான், என்னைப் பார்த்ததும் சல்யூட் அடிச்சான், ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயி டீ வாங்கிக் குடுத்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். கண்ணு கலங்கிட்டான். 'அம்மா கையால சாப்பிட்டிருக்கேன் ஐயா'ன்னான். அப்புறம் டிராயரைத் திறந்து ஒரு பேப்பரை எடுத்து, ரெண்டு கையாலயும் குடுத்தான்.

என் ஃபார்மட். இப்ப அச்சடிச்சே வச்சிருக்காங்க. அஞ்சு வரியும் அப்படியே இருக்கு.

நான் அவனைப் பார்த்தேன். அவன் மெதுவாச் சொன்னான். 'ஐயா, இந்த வருஷம் இதுவரைக்கும் செயின் பறிப்பு பூஜ்யம். இன்னும் ரெண்டு மாசத்துல எனக்கு ப்ரமோஷன் லிஸ்ட் வருது. அது போகட்டும், என் விஷயத்தை விடுங்க. எஃப்.ஐ.ஆர். போட்டா நாளைக்குப் பேப்பர்ல என்ன போடுவான்? முன்னாள் டெபுடி கமிஷனர் மனைவியிடமே கைவரிசைன்னு போடுவான். ஐயா பேரு போர்டுல இருக்கு. ஐயா கட்டிக் காத்த ஏரியா இது.'

யோசிச்சுப் பார்த்தா அவன் சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லப்போனா, நானா இருந்தா டீ வாங்கிக் குடுத்திருக்க மாட்டேன். பையன் என்னை விட ஒரு படி மேலே போயிட்டான். எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. பேனாவை எடுத்து நானே எழுதினேன். 'பால் வாங்கச் செல்லும் வழியில் தாலிச்செயின் கழன்று தவறி விழுந்துவிட்டது. அதைத் தேடும்போது கால் இடறிக் கழுத்தில் காயம் ஏற்பட்டது.' அந்த ரெண்டாவது வரி ஃபார்மட்ல கிடையாது, நான் புதுசா சேர்த்தது. தமிழ்மாறன் படிச்சுட்டு, 'ஐயா ஐயாதான்'னான்.

கையெழுத்து மட்டும் பாக்கி. புகார்தாரர் நான் இல்ல, அவதானே. போன் பண்ணி, எழுதியாச்சு, வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போன்னு சொன்னேன். குரல்ல அவ்வளவு சந்தோஷம். ஆட்டோ பிடிச்சு வர்றேன்னா. டாக்டர் படியேறக் கூடாதுன்னு சொல்லியிருக்கார், இங்கே மூணு படி இருக்கு. பரவாயில்லன்னா. தமிழ்மாறன் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்னு கிளம்பினான். ரூமுக்குள்ள தனியா என்ன உக்கார்றதுன்னு நான் இங்கே வந்து உக்காந்தேன். இதோ பாக்கெட்டுல இருக்கு பேப்பர். ரெண்டு நிமிஷ வேலை.

அதோ ஆட்டோ. இருங்க தம்பி, கையைப் பிடிச்சு ஏத்திட்டு வந்துடறேன்.

மெதுவா அரசி. பார்த்து வை. இந்த ஓரம் வேண்டாம், ஆடும். நடுவுல உக்காரு. இவரு வண்டி போயிடுச்சுன்னு வந்திருக்கார். ஆமா, இன்னும் யாரும் கூப்பிடல.

இந்தா பேனா. இந்த இடத்துல போடு. கீழே, புள்ளி வச்சிருக்கற இடத்துல.

படிக்கணுமா? படிக்கறதுக்கு என்ன இருக்கு, வழக்கமா எழுதறதுதான். கண்ணாடி கொண்டு வந்திருக்கியா? சரி, படி.

தம்பி, அவ படிக்கட்டும். கொஞ்சம் மெதுவாத்தான் படிப்பா. நம்ம பேச்சை நாம பேசுவோம். என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், போர்டு. அந்த போர்டுல பெயின்ட் அடிச்சு ரொம்ப நாள் ஆச்சு. என் பேருல முதல் எழுத்து மங்கிப் போச்சு. தமிழ்மாறன்கிட்ட சொல்லணும்.

என்ன அரசி? ரெண்டாவது தடவை படிக்கறியா? படி, படி.

என்ன கேக்கறே? ரஞ்சிதமா? எந்த ரஞ்சிதம்? எனக்கு ரஞ்சிதம்னு யாரையும்...

ம். அந்தம்மா பேரு ரஞ்சிதமா. உனக்கு எப்படி இத்தனை வருஷம்... சரி. சரி. கத்தாதே, தையல் பிரிஞ்சுடும். கத்தலையா. சரி, நீ கத்தல.

மூணு நாள். அந்தம்மா மூணு நாள் உக்காந்திருந்தாங்க.

இவ என்ன சொல்றான்னு கேட்டீங்களா தம்பி? நாலு நாள் உக்காருவாளாம். வேலைக்கு ஆளை மாத்திடுவோம்னு இவளை யாரும் பயமுறுத்த முடியாதாம். நான் வேணும்னா வீட்டுக்குப் போயி, பருப்பை வேக வச்சு, கேரியர்ல கொண்டு வரணுமாம். ரெண்டு பேருக்குக் கொண்டு வரணுமாம், நீங்களும் இருக்கீங்களாம்.

பேப்பரை என்கிட்டயே குடுத்துட்டா. கிழிப்பான்னு நினைச்சேன், கிழிக்கல.

அரசி, பெஞ்சைப் பிடிச்சுக்கோ. அந்தப் பக்கம் சாயறே பாரு, சாஞ்சா கழுத்து இழுக்கும். வலிக்குதா? வலிக்கும். ஒவ்வொரு தடவை ஆடும்போதும் வலிக்கும்.

தம்பி, ஒரு நிமிஷம் எழுந்திருங்க. நீயும் எழுந்திரு அரசி, என் தோளைப் பிடிச்சுக்கோ. இந்த மூலைக்கால்தான். எனக்குத் தெரியும், இந்த மூலைதான். தம்பி, பெஞ்சைக் கொஞ்சம் தூக்குங்க, நல்ல தேக்கு, கனமா இருக்கும். இந்தப் பேப்பரை மடிச்சு வச்சுப் பார்க்கறேன். நாலா மடிச்சா பத்தல. எட்டு... பதினாறு. இன்னும் ஒரு மடிப்பு. ஆங், இறக்குங்க.

இப்ப உக்காரு. ஆட்டிப் பாரு.

ஆடல இல்ல?

நீங்களும் உக்காருங்க தம்பி. யம்மா, ரைட்டர் பொண்ணே, இன்ஸ்பெக்டர் வந்தா சொல்லும்மா. மங்கையர்க்கரசின்னு ஒரு அம்மா செயின் பறிப்பு கேஸ் குடுக்க வந்து உக்காந்திருக்காங்க, கூட அவங்க வீட்டுக்காரரும் இருக்காருன்னு சொல்லு. அந்த ஃபேனை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்ப முடியுமா பாரும்மா.